சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஏன் கை நடுங்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நானும் மைக்கும் மட்டும்தான். எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சு, ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் நல்லபடியா போயிட்டு இருக்கும்போது, திடீர்னு ரத்தத்துல சர்க்கரை இறங்குற ஒரு பிரச்சனை சிலருக்கு வரும். அதைப் பத்தி முழுசா ஒரு எபிசோட் பேசப் போறேன்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். இந்தப் பிரச்சனை எனக்கு இருக்கு. அதனால இதைப் படிச்சிருக்கேன், என் டாக்டர்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கேன். இங்க சொல்ற அளவுகள் எல்லாம் எனக்குச் சொன்ன அளவுகள். உங்க அளவை உங்க டாக்டர்தான் சொல்லணும். இதைக் கேட்டுட்டு அவங்ககிட்ட சரியான கேள்வியைக் கேட்டீங்கன்னா எனக்கு அது போதும்.

என் கதை, சுருக்கமா

எனக்கு இப்போ 28 வயசு. சொந்த ஊர் திருநெல்வேலி. சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. 24 வயசுல டயாபடீஸ் வந்தப்போ என் எடை 116 கிலோ. 25 வயசுல கேஸ்ட்ரிக் பைபாஸ் பண்ணிக்கிட்டேன். 14 மாசத்துல 42 கிலோ குறைஞ்சது. சர்க்கரை மாத்திரை நின்னுது. முட்டி வலி போச்சு. அந்த ஆபரேஷன் எனக்கு நல்லது பண்ணுச்சு. இந்த எபிசோட் முழுக்க ஒரு சிக்கலைப் பத்திப் பேசினாலும் அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.

16-வது மாசம்னு நினைக்கிறேன். காலைல பதினொரு மணி மீட்டிங். ஸ்க்ரீன்ல நான் எழுதின கோடுதான் ஓடுது, ஆனா எழுத்து எழுத்தா தெரியுதே தவிர அர்த்தம் உள்ள போகல. உள்ளங்கை வேர்க்குது, நெஞ்சு படபடங்குது. பக்கத்துல இருந்த பொண்ணு, "உன் பேச்சு குழறுதுப்பா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டா. பழைய குளுக்கோமீட்டர் பைல இருந்தது. குத்திப் பார்த்தா 52.

அந்த வாரமே வீட்டுப் பக்கத்துல ஒரு டாக்டரைப் பார்த்தேன். "ஆபீஸ் டென்ஷனா இருக்கும், கேஸாவும் இருக்கலாம்"னு சொன்னாங்க. இன்னொருத்தர் பேனிக் அட்டாக்கான்னு கேட்டார். அவங்களைக் குறை சொல்ல முடியாது. வேர்வை, படபடப்பு, நடுக்கம்னு சொன்னா யாருக்கும் முதல்ல அதுதான் தோணும். கடைசியா என் சர்ஜரி டீம்ல இருக்கிற எண்டோக்ரைனாலஜிஸ்ட்கிட்ட போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

ரெண்டு இட்லி, சாம்பார், ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி. எல்லார் வீட்லயும் சாப்பிடற காலைச் சாப்பாடுதான். அவங்க ஒரு பேப்பர்ல கூட்டிக் காட்டினாங்க. இட்லியில சுமார் 20 கிராம், பழத்துல 20 கிராம், காபி சர்க்கரை 10 கிராம். மொத்தம் 50 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும், பத்து நிமிஷத்துல உள்ள போயிருக்கு. பதினொரு மணிக்கு வந்த மயக்கம் ஒன்பது மணிக்கே ஆரம்பிச்சிடுச்சுன்னு சொன்னாங்க. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா, இதை வெச்சுக்கோங்க.

மதகு இல்லாத ஏரி

ஏன் இப்படி ஆகுது? சாதாரண இரைப்பையை ஒரு ஏரின்னு வெச்சுக்கோங்க. அடியில பைலோரஸ்னு ஒரு தசை வளையம் இருக்கு. அதுதான் மதகு. சாப்பாட்டை அரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா சிறுகுடலுக்குத் திறந்து விடும். எங்க பாஷையில சொன்னா அது ஒரு ரேட் லிமிட்டர்.

கேஸ்ட்ரிக் பைபாஸ்ல, மேல சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் வெச்சு, அதை நேரா சிறுகுடலோட நடுப்பகுதிக்கு இணைச்சுடறாங்க. சாப்பாடு மதகு வழியா போகவே போகாது. ஸ்லீவ் ஆபரேஷன்ல முக்கால்வாசி இரைப்பையை எடுத்துடறாங்க. மதகு அப்படியே இருக்கும், ஆனாலும் சாப்பாடு முன்னைவிட வேகமா இறங்கிடும். அதனால ஸ்லீவ் பண்ணவங்களுக்கும் இது வரலாம். பைபாஸ் பண்ணவங்களுக்கு இன்னும் அதிகமா வருது.

சோறு, இட்லி, ஜூஸ் எதுவா இருந்தாலும் ஒரே மூச்சுல சிறுகுடலுக்கு வந்துடுது. அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறுது. குடல்ல இருந்து ஜி.எல்.பி-1-ங்கிற ஹார்மோன் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்குது. இன்னைக்கு எல்லாரும் பேசுற எடை குறைக்கிற ஊசி மருந்துகள் நகல் எடுக்கிறதும் இந்த ஹார்மோனைத்தான். அது கணையத்துக்கு "இன்சுலினை விடு"ன்னு சொல்லும். கணையமும் தாராளமா விடும். ஆனா சாப்பாடு வந்த வேகத்துலயே தீர்ந்து போச்சு. சர்க்கரை வரத்து நின்ன பிறகும் இன்சுலின் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. போதாக்குறைக்கு, எடை குறைஞ்ச உடம்பு இன்சுலினுக்கு முன்னைவிட நல்லா கேட்கும். அளவு 70-க்குக் கீழ போகுது, சில நேரம் 54-க்கும் கீழ போகுது.

இதுல ஒரு வரலாறு உண்டு. 2005-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர்கள், பைபாஸுக்கு அப்புறம் கடுமையா சர்க்கரை இறங்கின ஆறு பேரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்திருக்குன்னு அப்போ நினைச்சாங்க. கணையத்துல ஒரு பகுதியையே வெட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகள், கணையத்தை மட்டும் பார்க்காம சாப்பாடு இறங்குற வேகத்தையும் குடல் ஹார்மோன்களையும் பார்க்க ஆரம்பிச்சுது. அதனாலதான் இன்னைக்கு முதல் சிகிச்சை கத்தி இல்ல, தட்டு. தட்டுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குங்கிறதுதான்.

எல்லா மயக்கமும் இது இல்ல

ஆபரேஷன் பண்ணவங்க "டம்பிங்"ங்கிற வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. அதுல ரெண்டு வகை உண்டு. சாப்பிட்ட பத்து நிமிஷத்துல இருந்து அரை மணிக்குள்ள வயித்தைப் புரட்டி, படபடப்பு வந்து, பேதி ஆகுறது முதல் வகை. கெட்டியான சாப்பாடு திடீர்னு குடலுக்கு வந்ததும், அதைக் கரைக்க உடம்புல இருக்கிற தண்ணி குடலுக்குள்ள இழுக்கப்படுறதால வர்றது அது. அப்போ சர்க்கரை அளவு இறங்கியிருக்காது. ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் கழிச்சு வர்றது ரெண்டாவது வகை. இன்னைக்கு நாம பேசுறது அதைத்தான். நேரத்தைக் குறிச்சு வெச்சாலே பாதி விடை கிடைச்சிடும்.

அதே மாதிரி, தலைசுத்தலுக்கு ரத்தசோகை, பி12 குறைபாடு, தண்ணி பத்தாதது, லோ பிரஷர்னு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வேற காரணங்களும் நிறைய உண்டு. தொடர்ந்து வாந்தி எடுக்கிறவங்களுக்கு பி1, அதாவது தயமின் குறைஞ்சு குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். அது அவசரமா பார்க்க வேண்டிய விஷயம். அதனால அனுமானம் பண்ணாதீங்க, குத்திப் பாருங்க. டாக்டர்கள் மூணு கேள்வி கேட்பாங்க. அறிகுறி வந்துச்சா? அந்த நேரத்துல அளவு நிஜமாவே குறைவா இருந்துச்சா? அளவு ஏறினதும் அறிகுறி போச்சா? மூணுக்கும் ஆமான்னா, அது நிஜமாவே லோ சுகர். விப்பிள்ங்கிற அமெரிக்க சர்ஜன் பேரால இதை விப்பிள் ட்ரையாட்னு சொல்வாங்க.

டாக்டர்கிட்ட உடனே சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இருக்கு. வெறும் வயித்துல, விடியற்காலையில இறங்குது. ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில மாசத்துலயே இறங்குது. இல்ல, சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இன்னும் எடுத்துக்கிட்டு இருக்கீங்க. இதுல எதுவா இருந்தாலும் காரணம் வேறயா இருக்கலாம், தனியா டெஸ்ட் பண்ணணும். இன்னொண்ணு. குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு ரத்தம் எடுக்கிற டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தா, பைபாஸ் பண்ணியிருக்கிறதை முதல்லயே சொல்லிடுங்க. நமக்கு அந்த டெஸ்ட் பெரிய டம்பிங்கையே கிளப்பி விட்டுடும், ரிசல்ட்டும் குழப்பும். திட உணவோ கலப்பு உணவோ கொடுத்துப் பார்க்கிற முறை இருக்கு. அதைப் பத்திக் கேளுங்க.

வெறும் அஞ்சு கிராம்

இப்போ ஒரு சின்ன கணக்கு. 100-ன்னு மீட்டர்ல காட்டுதுன்னா, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்குன்னு அர்த்தம். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம். பெரியவங்க உடம்புல சுமார் அஞ்சு லிட்டர் ரத்தம். அப்படின்னா ரத்தத்துல மொத்தமா ஓடுற சர்க்கரையே அஞ்சு கிராம்தான். ஒரு டீஸ்பூன்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, சாயங்காலம் எனக்கு 56 வந்துச்சு. அம்மா ஓடிப் போய் பெரிய டம்ளர்ல சர்க்கரை கரைச்சுக் கொண்டு வந்தாங்க. "குடிடி, முழுசா குடி." எங்க ஊர்ல அல்வாவுக்குப் பஞ்சமா? அதுலயும் ரெண்டு வாய் ஊட்டி விட்டாங்க. நாப்பது நிமிஷத்துல 188. அம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. ரெண்டு மணி நேரம் கழிச்சு 51. முதல் தடவையை விடக் கீழ.

அம்மா செஞ்சது எந்த வீட்லயும் செய்யறதுதான். டயாபடீஸ் இருக்கிறவங்களுக்கு லோ ஆனா சர்க்கரை கொடுன்னு நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்காங்க. ஆனா மதகு இல்லாத வயித்துல அந்த ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி இன்னொரு பெரிய சாப்பாட்டுக்குச் சமம். ஏறும், இன்சுலின் பொங்கும், மறுபடி இறங்கும். இதை நாள் பூரா ஓட்டிக்கிட்டே இருக்கலாம்.

இறங்கும்போது என்ன பண்றது?

எனக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை இது.

முதல்ல உட்காருங்க. வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா ஓரமா நிறுத்தி, சாவியை எடுங்க. முடிஞ்சா குத்திப் பாருங்க. மீட்டர் கையில இல்லன்னா அதுக்காகத் தேடிக்கிட்டு இருக்காதீங்க. அறிகுறி தெளிவா இருந்தா சிகிச்சையை ஆரம்பிங்க.

ரெண்டாவது, அளந்த குளுக்கோஸ். எனக்கு 10-ல இருந்து 15 கிராம். மருந்துக்கடையில குளுக்கோஸ் மாத்திரை கிடைச்சா அது வசதி. இல்லன்னா சாதா குளுக்கோஸ் பவுடர். ஃப்ளேவர் போட்ட பாக்கெட்டுல சாதாரண சர்க்கரையும் கலந்திருக்கும், அதனால லேபிளைப் படிச்சு வாங்குங்க. நான் சமையல் தராசுல 15 கிராம் எடை போட்டு, சின்னச் சின்ன ஜிப் கவர்ல கட்டி வெச்சிருக்கேன். ஹேண்ட்பேக்ல ரெண்டு, ஸ்கூட்டி டிக்கியில ஒண்ணு, ஆபீஸ் டிராயர்ல ரெண்டு, தலகாணிப் பக்கத்துல ஒண்ணு. அளந்து வெச்சா ஒரு நன்மை இருக்கு. 52-ல இருக்கிற மூளைக்குக் கணக்குப் போட வராது. "இன்னும் கொடு, இன்னும் கொடு"ன்னுதான் உடம்பு கேட்கும். கவர் காலியானா நிறுத்தணும், அவ்வளவுதான் ரூல்.

மூணாவது, 15 நிமிஷம் காத்திருக்கணும். கஷ்டமான வேலை இதுதான். மறுபடி குத்திப் பார்த்து 70-க்குக் கீழ இருந்தா இன்னொரு தடவை அதே அளவு.

நாலாவது படியைத்தான் நிறையப் பேர் விட்டுடறாங்க. அளவு 70-ஐத் தாண்டினதும் புரதமும் கொழுப்பும் இருக்கிற ஏதாவது கொஞ்சம் சாப்பிடணும். ஒரு அவிச்ச முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ரெண்டு மூணு துண்டு பனீர், இதுல எதுவா இருந்தாலும் சரி. குளுக்கோஸ் தூக்கி விடும், புரதம் பிடிச்சு வெச்சுக்கும். எனக்கு ரெண்டாவது லோ வர்றது கிட்டத்தட்ட நின்னதே இந்தப் படியாலதான்.

வண்டியை உடனே எடுக்காதீங்க. மீட்டர்ல அளவு சரியான பிறகும் மூளை தெளிய நேரம் எடுக்கும். எனக்கு 45 நிமிஷம்னு சொல்லியிருக்காங்க. ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல அரை மயக்கத்துல ஸ்கூட்டி ஓட்டினா நமக்கு மட்டும் ஆபத்து இல்லையே.

இறங்காம இருக்கணும்னா

தட்டுக்கு வருவோம். எனக்குக் கொடுத்த எல்லை, ஒரு வேளைக்கு 30 கிராம் மாவுச்சத்து, நடுவுல சாப்பிடற சிற்றுண்டிக்கு 15 கிராம். மூணு பெரிய சாப்பாட்டுக்குப் பதிலா மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னச் சின்னதா.

30 கிராம்னா எவ்வளவு? ஒரு கப் சோத்துல சுமார் 45 கிராம் இருக்கு. அதனால என் மதியச் சாப்பாடு அரை கப் சோறு. அதுக்கு மேல தட்டு நிறைய மீன், கோழி, கூட்டு, பொரியல், தயிர். காலைல ரெண்டு முட்டை, அதுக்கப்புறம் ஒரு அடை. வரிசை முக்கியம். புரதமும் காயும் முதல்ல, மாவு கடைசியில. சைவம்னா பனீர், தயிர், மீல் மேக்கர் இருக்கு. சுண்டலும் நல்லதுதான், ஆனா அதுலயும் மாவுச்சத்து இருக்கு, கணக்குல சேர்த்துக்கணும்.

சிறுதானியம் சாப்பிட்டா பிரச்சனை இல்லைன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. வரகும் சாமையும் நல்லதுதான், ஆனா கிராம் கணக்கு அதுக்கும் உண்டு. கேழ்வரகுக் கூழ், சத்துமாவுக் கஞ்சியெல்லாம் எனக்கு அரிசிச் சோத்தைவிட மோசம். காரணம் தானியம் இல்ல, தண்ணி. திரவமா இருக்கிறது இன்னும் வேகமா இறங்கும். ஜூஸ், பானகம், சர்க்கரை போட்ட டீ, கூல் டிரிங்க்ஸ் எல்லாம் இதே கதைதான். சாப்பாட்டோட தண்ணி குடிக்கிறதையும் நிறுத்திட்டேன். முன்னாடி அரை மணி, பின்னாடி அரை மணி இடைவெளி. மெதுவா, நல்லா மென்னு சாப்பிடணும். மதகு இல்லாததால அந்த வேலையையும் வாய்தான் பார்க்கணும்.

மது குடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுறதையே தடுக்கும். பைபாஸுக்கு அப்புறம் போதையும் சீக்கிரமா, அதிகமா ஏறும். அந்த நேரத்துல லோ ஆனா சுத்தி இருக்கிறவங்க "குடிச்சிருக்காங்க"ன்னு விட்டுடுவாங்க.

சாப்பாட்டுல மட்டும் சரியாகலன்னா மருந்து இருக்கு. எனக்கு அகார்போஸ் கொடுத்தாங்க. முதல் வாய் சாப்பாட்டோட எடுக்கணும். மாவுச்சத்து உடையற வேகத்தைக் குறைக்கும், அதனால ஏற்றமும் குறையும், இறக்கமும் குறையும். முதல் ரெண்டு வாரம் வயிறு உப்புசம், காத்து. ஓப்பன் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு என் அனுதாபங்கள். ஆனா இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. அகார்போஸ் எடுக்கிறவங்களுக்கு லோ ஆச்சுன்னா சாதாரண சர்க்கரை, வெல்லம், மிட்டாய் எல்லாம் சீக்கிரம் வேலை செய்யாது. சாதாரண சர்க்கரை குடல்ல ரெண்டா உடையணும், அதைத்தான் இந்த மருந்து தடுக்குது. நேரடியா குளுக்கோஸ்தான் கொடுக்கணும். வீட்ல இருக்கிறவங்களுக்கு இதைக் கண்டிப்பா சொல்லி வைங்க. அகார்போஸ் பத்தலன்னா டயஸாக்ஸைடு, ஆக்ட்ரியோடைடு மாதிரி மருந்துகளும் இருக்கு. அதெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் முடிவு பண்ண வேண்டியது.

சென்சார் சொல்றதை எவ்வளவு நம்பலாம்?

இன்ஜினியர்ங்கிறதால சி.ஜி.எம். மேல எனக்கு ஆசை வந்தது ஆச்சரியம் இல்ல. கையில ஒட்டிக்கிட்டா நாள் முழுக்க அளவு காட்டுற சென்சார். விலை அதிகம்தான். மாசா மாசம் வாங்க முடியாது. ரெண்டு வாரம் ஒட்டி, சாப்பிடறதையும் நேரத்தையும் பக்கத்துலயே எழுதி வெச்சேன். எந்தச் சாப்பாடு என்னை ஏத்தி இறக்குதுன்னு அந்த ரெண்டு வாரத்துல தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அது இல்லாமயே ஓட்டறேன்.

ரெண்டு எச்சரிக்கை. சென்சார் ரத்தத்தை அளக்கல, தோலுக்கு அடியில செல்களுக்கு நடுவுல இருக்கிற திரவத்தை அளக்குது. அதனால சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். வேகமா இறங்கும்போது அது 75-னு காட்டுற நேரத்துல ரத்தத்துல 60 இருக்கலாம். சந்தேகம்னா விரல்ல குத்திப் பாருங்க. இன்னொண்ணு, ராத்திரி அந்தக் கை மேலயே படுத்தா, அழுத்தத்தால பொய்யா லோ காட்டும். மூணு மணிக்கு அலாரம் அடிச்சு எழுப்பினா குளுக்கோஸ் கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி திரும்பிப் படுத்து, ஒரு தடவை குத்திப் பாருங்க.

அடிக்கடி லோ ஆகுறவங்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. உடம்பு பழகிடும். நடுக்கம், வேர்வைங்கிற எச்சரிக்கை வராமலே நேரா குழப்பத்துக்குப் போயிடும். அப்படி ஆரம்பிச்சா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

கூட இருக்கிறவங்களுக்கு

இந்தப் பகுதி நமக்கு இல்ல, நம்ம கூட இருக்கிறவங்களுக்கு. அவங்களை இழுத்து வெச்சுக் கேட்க வைங்க.

லோ ஆகும்போது மூளைக்குச் சாப்பாடு இல்ல. அதனால எரிஞ்சு விழுவோம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாம பதில் சொல்வோம், "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அடிச்சுச் சொல்வோம். அந்த நேரத்துல வாக்குவாதம் வேண்டாம். குளுக்கோஸ் கவரைக் கையில கொடுங்க. முழுங்க முடியாத நிலையில, இல்ல நினைவு இல்லாம இருந்தா வாய்ல எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்கு போன் பண்ணுங்க. பைபாஸ் பண்ணவங்க, சர்க்கரை இறங்கியிருக்குன்னு சொல்லுங்க. குளுக்ககான் ஊசி வீட்ல வெச்சுக்கணுமான்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க.

ஆபீஸ்ல என் டீம்ல ரெண்டு பேருக்கு இது தெரியும். பி.ஜி.யில ரூம்மேட்டுக்குத் தெரியும். போன்ல லாக் ஸ்க்ரீன்லயே மெடிக்கல் விவரம் போட்டிருக்கேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டதை வெளிய சொல்லக் கூச்சப்படற நிறையப் பேரை எனக்குத் தெரியும், அதுலயும் முக்கியமா பொண்ணுங்க. "கல்யாணம் ஆகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு வீட்லயே சொல்வாங்க. எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா உங்க பக்கத்துல தூங்குற, உங்க பக்கத்துல வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். ரகசியம் காப்பாத்துறதைவிட அது முக்கியம்.

கல்யாண வீட்ல பந்தியில உட்கார்ந்தா பெரியம்மா வருவாங்க. "என்னம்மா இவ்வளவு தானா? இலையில பாயசத்தை விடு"ன்னு. நான் இப்போ நீளமா விளக்கம் சொல்றதில்ல. "சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் கழிச்சு மயக்கம் வரும் பெரியம்மா, அப்புறம் நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்"னு சொல்லுவேன். சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

"இதுக்குத்தான் ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னோம்"னு ஒரு குரல் எல்லா வீட்லயும் இருக்கும். லோ வந்து படுத்திருக்கிறவங்க காதுல அது விழுந்தா, அடுத்த தடவை வந்ததைச் சொல்லாம மறைச்சிடுவாங்க. இன்னும் சிலர் பயத்துல சாப்பாட்டையே குறைச்சிடுவாங்க. ரெண்டுமே ஆபத்து. இது திமிர்ல வந்ததும் இல்ல, மன பலவீனமும் இல்ல. மாத்தி அமைச்ச ஒரு வயித்தோட பக்கவிளைவு. பேரு இருக்கு, காரணம் தெரியும், சிகிச்சை இருக்கு. எனக்கு முன்னாடி வாரத்துக்கு மூணு நாலு தடவை வந்துச்சு. இப்போ மாசத்துக்கு ஒண்ணு வந்தா அதிகம்.

நம்ம ஊர்ல யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்போம். அன்புக்கு நம்மகிட்ட இருக்கிற முதல் வார்த்தையே அதுதான். இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்ட யாராவது உங்க வீட்ல இருந்தா, அதோட இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக்கோங்க. என்ன சாப்பிட்டே? எப்போ சாப்பிட்டே? அவங்க கை நடுங்கும்போது அந்த ரெண்டு பதில்தான் உதவும்.

சர்ஜரிக்கு அப்புறம் எடுக்க வேண்டிய வைட்டமின் மாத்திரைகள் பத்தி அடுத்த எபிசோட்ல பேசலாம். அதுவரைக்கும் மெதுவா மென்னு சாப்பிடுங்க.